பன்னிரண்டாவது கவர்

கார் நிக்கோபார்
14.8.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுரேந்தர் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை விடாமல் பெய்வதால் ஸ்டோரில் தரையெல்லாம் ஈரம், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். அவ்வளவுதான். உன் காது எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மெஷினை மாட்டுகிறாயா, இல்லை அது பீரோவுக்குள் உட்கார்ந்து தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதா? போனில் நான் பேசப் பேச, ஒன்றும் கேட்காமலே நீ "ஆங், ஆங்" என்று தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. அதனால்தான் கடிதம்.

ஒரு யோசனை வேண்டும். எங்கள் ஸ்டாஃப் மெஸ்ஸில் புத்தாண்டு அன்று ரகசியப் பரிசு கொடுக்கும் பழக்கம் உண்டு, சொல்லியிருக்கிறேன். யாருக்கு யார் பெயர் விழுகிறதோ அவருக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் யாரென்று அன்றுவரை வெளியே தெரியக் கூடாது. இந்த வருஷம் மெஸ் செக்ரட்டரி நான். பெயர் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

முதல் வருஷம் பிரவீன்குமார் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரித்தான். யாருக்கு யார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி வரைக்கும் தெரியும். கம்ப்யூட்டரே வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அடுத்த இரண்டு வருஷமும் சோற்றுக் குண்டானில் சீட்டுப் போட்டு எடுத்தோம். அதில் வேறு தொல்லை. போன தடவை ஒருவருக்கு அவருடைய பெயரே வந்துவிட்டது. அவர் வெளியே சொல்லவில்லை. தனக்குத்தானே ஒன்றை வாங்கிக் கட்டி வைத்துவிட்டார். எனக்கு எப்படியோ தெரியவந்தது.

இனி யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது அக்கா. தேர்தல் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் ஆள் பிரித்தவள் நீ. கையால் செய்யும்படி ஒரு வழி சொல். வேளைக்குச் சாப்பிடு. ஒருத்திக்கு எதற்குச் சமையல் என்று வெறும் பன்னைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

உன் தம்பி
சுரேந்தர்

*

ஹாடோ, போர்ட் பிளேர்
1.9.2023

அன்புத் தம்பிக்கு,

அக்கா பானுமதி. உன் கடிதம் பதினேழு நாள் கடலில் குளித்துவிட்டு நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. புண்ணுக்கு மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துப் போடு. போடமாட்டாய், தெரியும். எழுதுவது என் கடமை.

மெஷினை இரண்டு நாள் மாட்டினேன். சாத்தம் பாலத்தில் போகிற ஆட்டோ எல்லாம் என் தலைக்குள்ளே போயின. கழற்றி வைத்துவிட்டேன். தபால்காரர் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார், எனக்குக் கேட்பதில்லை. ஆகவே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய எதையும் எனக்கு அனுப்பாதே. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

உங்கள் குண்டானில் என்ன கோளாறு என்று சொல்கிறேன். நடுவில் எடுப்பவருக்குத் தன் பெயர் வந்தால் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்வார். கடைசி ஆள் என்ன செய்வார்? உள்ளே இருப்பது அவர் சீட்டு ஒன்றுதான். "எல்லாரும் திருப்பிக் குடுங்க, முதல்லேருந்து எடுப்போம்" என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாம் சீட்டைப் பிரித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல வாய் வராது. அந்த மனிதர்மேல் தப்பில்லை.

எங்களுக்கும் இதே சட்டம்தான் இருந்தது. சொந்த ஊர் வாக்குச்சாவடியில் யாருக்கும் வேலை விழக் கூடாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எங்கள் பிரிவில் அதைச் செய்தது நானும் ஒரு கத்தரிக்கோலும்தான். ஒரு தடவைகூடத் தவறி விழுந்ததில்லை. ஹேவ்லாக் தீவுதான் வேண்டும் என்று என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு. சீட்டு விழுந்த இடத்துக்குத்தான் போனார்கள்.

மெஸ்காரர்கள் பெயர்ப் பட்டியலை அனுப்பு, நானே செய்து அனுப்புகிறேன். அது சரி, அந்த மனிதர் யார்? இப்போதாவது யாரிடமாவது சொன்னாரா? எனக்கு அவரை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

உடம்பைக் கவனி.
அக்கா

*

கார் நிக்கோபார்
27.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். கால் ஆறிவிட்டது. மஞ்சள் போடவில்லை, வெயில் வந்தது. உனக்கு மூட்டுவலி எப்படி என்று போன கடிதத்தில் கேட்க மறந்துவிட்டேன், இப்போது கேட்டதாக வைத்துக்கொள்.

பட்டியலைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பதினொரு பேர். பிரவீன்குமாரைத் தெரியும். லைன்மேன் காத்தமுத்துவை நீயே பார்த்திருக்கிறாய், போன வருஷம் லீவில் வந்தபோது நம் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டவன். சந்திரமதி என்பவர் ஸ்டாஃப் நர்ஸ், கச்சால் தீவுக்காரர், ரப்பர் தோட்டத்துக்கு சிலோனிலிருந்து வந்த குடும்பம். மற்றவர்கள் வங்காளி, தெலுங்கு, மலையாளி. பந்தியில் எல்லோருக்கும் பொதுவாக இந்திதான். நாங்கள் மூன்று நான்கு பேர் மட்டும் பாத்திரம் கழுவும்போது தமிழ் பேசிக்கொள்வோம்.

புத்தாண்டு அன்று எப்படி நடக்கும் என்றால், பரிசை வாங்கியவர் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தவர் யாரென்று ஊகித்துப் பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அந்த ஆள் எழுந்து நிற்பார். அதுதான் வேடிக்கையே.

அந்த மனிதரைப் பற்றிக் கேட்டாய். இங்கேதான் இருக்கிறார். வேலைக்குப் போகிறார், வருகிறார். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

இனிமேல் கடல் அடங்கும் என்கிறார்கள். ராத்திரியில் வெந்நீர் குடி.

தம்பி
சுரேந்தர்

*

ஹாடோ
15.10.2023

அன்புத் தம்பிக்கு,

மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்கு நன்றி, மறந்து கேட்டாலும் கேள்விதானே. நீ இளைத்துவிட்டாய் என்று காத்தமுத்துவின் மாமியார் மீன் மார்க்கெட்டில் என்னிடம் கையைக் காட்டிச் சொன்னாள். நிஜமா?

பட்டியலை இரண்டு தடவை படித்தேன். வேலையை முடித்துவிட்டேன். என்ன செய்தேன் என்று சொல்கிறேன், மெஸ்ஸில் யாராவது சந்தேகப்பட்டால் படித்துக் காட்டு.

ஆளுக்கு ஓர் அட்டை. மேல் பாதியில் சிவப்பு மையில் ஓர் எண், கீழ்ப் பாதியில் நீல மையில் அதே எண். அட்டைகளைக் குப்புறப் போட்டுக் கலைத்து வரிசையாக வைத்தேன். எந்த எண் எங்கே என்று எனக்கே தெரியாது. பிறகு ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினேன். மேல் பாதிகளைத் தொடவில்லை. கீழ்ப் பாதிகளை மட்டும் ஓர் இடம் வலது பக்கம் தள்ளினேன். கடைசியில் மிஞ்சியதை முதல் இடத்தில் வைத்தேன். இப்போது ஒவ்வொரு மேல் பாதிக்கும் கீழே இருப்பது பக்கத்து அட்டையின் கீழ்ப் பாதி. குப்புறவே சேர்த்துக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.

ஆளுக்கு ஒரு கவர் எடுக்கட்டும். சிவப்பு எண் அவருடையது. பலகையில் அந்த எண்ணுக்கு நேரே தன் பெயரை எழுத வேண்டும். நீல எண் அவர் கொடுக்க வேண்டியவருடையது, அதை வெளியே சொல்லக் கூடாது. தன் எண்ணே தனக்கு வரவே வராது. கை கோத்து வட்டமாக நிற்பது போல எல்லோரும் ஒரே சுற்றில் வந்துவிடுவார்கள். வெட்டிய எனக்கும் எதுவும் தெரியாது, பிரித்துக் கொடுக்கும் உனக்கும் தெரியாது.

கவர்களை எண்ணித்தான் வைத்திருக்கிறேன். நான் எண்ணினால் அது எண்ணியதுதான். ஒன்றையும் திருப்பி அனுப்பாதே.

நன்றாகச் சாப்பிடு.
அக்கா

*

கார் நிக்கோபார்
11.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இளைக்கவில்லை. காத்தமுத்துவின் மாமியாருக்குக் கண்ணில் புரை. உனக்கு இந்த மாதம் பிரஷர் பார்த்தார்களா?

பொட்டலம் வந்தது. எண்ணினேன், பன்னிரண்டு கவர். பட்டியலில் பதினொரு பேர். மறுபடி எண்ணினேன். பிறகுதான் எனக்கு விளங்கிற்று. வாய்விட்டுக் கேட்காமல் ஒரு கவரைக் கூட வைத்து அனுப்பியிருக்கிறாய். உனக்கும் சேர ஆசை! கேட்டிருந்தால் முதலிலேயே சேர்த்திருப்பேனே. நீ அங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மெஸ்ஸில் சொன்னேன். போர்ட் பிளேரிலிருந்து கத்தரிக்கோல் அக்காவும் ஆட்டத்தில் உண்டு என்றதும் ஒரே ஆரவாரம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கவர் எடுத்தார்கள். இரண்டே நிமிஷத்தில் முடிந்தது, ஒரு முகமும் வாடவில்லை. பலகையில் ஏழாம் எண் மட்டும் பெயர் இல்லாமல் நின்றது. அங்கே உன் பெயரை எழுதினேன். உன் கவரைப் பிரிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன், பலகையில் உள்ளதையும் நகல் எடுத்திருக்கிறேன். உனக்குக் கொடுக்கப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது.

சந்திரமதி மட்டும் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒங்க பேரு எங்க சார்?" என்று கேட்டார். செக்ரட்டரி சேரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பனி விழுகிறது என்று கேள்விப்பட்டேன். தலையில் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

தம்பி
சுரேந்தர்

*

ஹாடோ
24.11.2023

சுரேந்தருக்கு,

என் பிரஷர் உன் கடிதம் வரும்வரை நன்றாக இருந்தது.

ஐம்பத்துநான்கு வயதாகிறது, உனக்கு எண்ணத் தெரியாதா? பன்னிரண்டாவது கவர் எனக்கு இல்லை, உனக்கு. மெஸ்ஸில் மொத்தம் பன்னிரண்டு பேர். நீ அனுப்பிய பட்டியலில் உன் பெயரைத் தவிர எல்லார் பெயரும் இருந்தது. செக்ரட்டரி சேரக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? யாருக்கும் எதுவும் தெரியாதபடி நான் வெட்டிக் கொடுத்தது செக்ரட்டரியும் சேரலாம் என்றுதானே?

ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் நவம்பரில், நண்பர் ஒருவருக்கு வேண்டும் என்று, அபர்தீன் பஜாரில் நாற்பத்திரண்டு அளவில் வெளிர்நீலச் சட்டை வாங்கி அனுப்பச் சொன்னாய். ஜனவரியில், மெஸ்ஸில் எனக்கு வெளிர்நீலச் சட்டை கிடைத்தது என்று எழுதினாய். அப்போது எனக்கு உறைக்கவில்லை. பட்டியலில் உன் பெயரைக் காணாதபோதுதான் உறைத்தது. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். கடைக்காரனோடு சண்டை போட்டு நானே எடுத்த சட்டை. உனக்கு என்று தெரிந்திருந்தால் கோடு போட்டதாகப் பார்த்து வாங்கியிருப்பேன், உனக்கு அதுதானே பிடிக்கும்.

சரி. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வட்டமாக நிற்கிறவர்கள் நடுவே புதிதாக ஒருவர் வந்தால் இரண்டு பேர் கையை விட்டு அவரைச் சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா? அதையே செய்வோம். என் கவரில் நீலத்தில் இருப்பது நான்கு. நான்காம் எண்காரருக்கு எனக்குப் பதிலாக நீ கொடு. உனக்கு நான் கொடுக்கிறேன். மற்ற யாருக்கும் எந்த மாற்றமும் இல்லை. நான் கொடுப்பது உனக்குத் தெரிந்துவிட்டது, அந்த ரகசியம் மட்டும் போயிற்று. போகட்டும்.

பதில் எழுது.
அக்கா

*

கார் நிக்கோபார்
9.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ கண்டுபிடித்தது சரி. நான்காம் எண் சந்திரமதி. வேறு யாராக இருந்திருந்தாலும் நீ சொன்னபடி செய்திருப்பேன். அவருக்கு என்னால் முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன தடவை குண்டானைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனவன் நான். அதனால் கடைசிச் சீட்டு எனக்கு. பிரித்தேன், சுரேந்தர் என்று இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் போலச் சிரித்தேன். பார்சலில் பெயரை இடது கையால் எழுதினேன், என் கையெழுத்து எல்லோருக்கும் பழக்கம் என்பதால். இதையெல்லாம் செய்யும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் முடிகிறதே என்றுதான் நினைத்தேன். ஊகித்துப் பெயர் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் மறந்துபோனேன்.

என் முறை வந்தது. சட்டையைப் பிரித்தேன், பிரமாதம் என்றேன். யார் கொடுத்தது என்று கேட்டார்கள். காத்தமுத்து என்றேன். இல்லை என்றான். பிரவீன்குமார் என்றேன். இல்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனேன் அக்கா. எல்லோரும் இல்லை, இல்லை என்கிறார்கள். "அரே, கோயி தோ கடா ஹோ ஜாவ்" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார், யாராவது எழுந்துதான் நில்லுங்களேன் என்று. சிரிப்பு அடங்கி, ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். என் காதெல்லாம் சுட்டது. கட்டின பெண்டாட்டி மீனா செத்த அன்றுகூட நான் அவ்வளவு பேர் நடுவில் அப்படித் தனியாக நிற்கவில்லை.

அப்போது சந்திரமதி கையைத் தூக்கினார். "நாந்தான் குடுத்தேன்" என்றார். அவர் ஏற்கனவே இன்னொருவருக்காக எழுந்து நின்றவர். ரெண்டு பேருக்கா என்று கேட்டார்கள். "ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டு வந்திருச்சு, என்னா செய்ய, ரெண்டு பேருக்கும் வாங்கிட்டேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் சீட்டு அப்போதும் என் பையில்தான் இருந்தது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று முதல் அவர் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. பாத்திரம் கழுவ அவர் வந்தால் நான் போய்விடுவேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒருவருக்கு நான் எதைக் கட்டிக் கொடுப்பது? என்னை விட்டுவிடு. நான்காம் எண்ணுக்கு நீயே ஏதாவது அனுப்பிவிடு.

உன் தம்பி

*

ஹாடோ
18.12.2023

என் தம்பிக்கு,

உன் கடிதம் ஹெலிகாப்டரில் வந்ததாம், சீக்கிரம் கிடைத்தது. என் உடம்பைப் பற்றி நீ கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருக்கிறது. நடுவில் கடல் இருப்பதால் திட்டுகிறேன்.

உனக்கு என் பார்சலை நேற்றே சாத்தம் ஜெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நான்காம் எண்ணுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். ஒன்றாம் தேதி மெஸ்ஸில் எல்லோருக்கும் ஒரு பொட்டலம் இருக்கும். சந்திரமதிக்கு மட்டும் இருக்காது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது அவருக்காகக் கை தூக்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்.

இனி யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்று எனக்கு எழுதியது நீதான்.

குளிர்ந்த நீரில் குளிக்காதே.
அக்கா

*

ஹாடோ
8.1.2024

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரமாகிறது, ஒரு வரி இல்லை. கப்பல் இரண்டு தடவை ரத்தானது என்று ஜெட்டியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் நீ கோபத்தில் எழுதவில்லையா, கப்பல் இல்லாததால் எழுதவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு சரியாக இருக்கிறாயா?

எனக்கு ஒரு பார்சல் வந்தது. பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி வாங்கி வைத்திருந்தாள். உள்ளே ஒயர், ஒரு பித்தான், ஒரு சிவப்பு பல்பு. வாசலில் யாராவது பித்தானை அழுத்தினால் கூடத்தில் பல்பு எரியும் என்று ஒரு சீட்டு. கொடுத்தவர் பெயர் இல்லை. எனக்கு மணி கேட்பதில்லை என்று நீதான் மெஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டும். ஜெயலட்சுமியின் வீட்டுக்காரர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அதை எரிய வைத்துப் பார்க்க ஆசை வந்தது. வெளியே போய் அழுத்தினால் உள்ளே எரிகிறதா என்று தெரியாது. உள்ளே வந்து பார்த்தால் அழுத்த ஆள் இல்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நான்கு தடவை ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. பிறகு நாற்காலியைப் போட்டு பல்புக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம்வரை யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் பால்காரர் அழுத்தினார். பளிச்சென்று எரிந்தது. என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கே தெரிந்தது சுரேந்தர், எத்தனை வருஷமாயிற்று! பால் வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை அழுத்தச் சொன்னேன்.

கோபமாக இருந்தாலும் கோபத்தையாவது எழுதி அனுப்பு.

அக்கா

*

கார் நிக்கோபார்
15.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. கப்பல்தான் இல்லை. உன் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன, பதினெட்டாம் தேதி எழுதியது உட்பட. ஆகவே நீ திட்டியது எனக்கு ஒன்றாம் தேதிக்கு முன்னால் கிடைக்கவில்லை. திட்டு வாங்காமலே செய்துவிட்டேன், அதையாவது என் கணக்கில் வரவு வை. சாப்பிடு முதலில்.

கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க இங்கே எல்லாக் கிராமத்திலும் பாட்டு, விருந்து. நாங்கள் மெஸ்ஸில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். சந்திரமதி அந்த வாரமெல்லாம் டூட்டி. வந்ததும் வராததுமாகத் தட்டை எடுத்துக்கொண்டு, கண்ணாடி எங்கே, கண்ணாடி எங்கே என்று தேடுவார். தினமும் தேடுவார். சமயத்தில் அது அவர் தலைமேலேயே இருக்கும். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கறுப்பு நைலான் நூலில் கண்ணாடிக்கு ஒரு கயிறு பின்ன ஆரம்பித்தேன். மூன்று நாள் ஆயிற்று. இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னினேன். நல்ல கயிறுதான், கழுத்தில் உறுத்தாது.

ஒன்றாம் தேதி வந்தது. உன் பார்சல் வரவில்லை. எனக்கு ஒரு யோசனை ஓடியது, மறைக்காமல் சொல்கிறேன். ஸ்டோர் அலமாரியில் பிரிக்காத சோப்புப்பெட்டி ஒன்று இருந்தது. அதை எனக்கு நானே கட்டி வைத்துவிடலாமா என்று கையில்கூட எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன்.

உனக்குப் பதிலாக நான்தான் ஊகித்தேன். உனக்கு மணிக்குப் பதில் பல்பு அனுப்பியிருப்பதாக மேஜைமேல் பெயரில்லாத சீட்டு ஒன்று இருந்தது, அதைப் படித்ததும் நான் சொன்ன முதல் பெயரிலேயே காத்தமுத்து எழுந்துவிட்டான். ஒயர் சொந்தக் காசில் வாங்கியது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். அடுத்து என்னைக் கேட்டார்கள். "எனக்கு என் அக்கா குடுக்கறாங்க. கப்பல் வரல. இன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பாயசத்தை எனக்கு இரண்டாம் தடவை ஊற்றினார்கள்.

சந்திரமதி கயிற்றை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியில் மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஊகிக்கச் சொன்னார்கள். "ஸ்டோர் சாரு" என்றார், யோசிக்கவே இல்லை. நான் எழுந்து நின்றேன்.

எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில் அவர் இருந்தார். நான் போகாமல் நின்றேன். ஒரு வருஷமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டேன், போன வருஷம் ஏன் எனக்காகப் பொய் சொன்னீர்கள், அவ்வளவு பரிதாபமாகவா இருந்தேன் என்று.

அவர் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"பரிதாபம் எல்லாம் இல்ல சார். அதுக்கு மொத வருசம் நான் டூட்டி முடிஞ்சு லேட்டா வந்தேன். குண்டான்ல கடைசி சீட்டுத்தான் இருந்துச்சு. பிரிச்சா என் பேரு. எல்லாரும் எடுத்து முடிச்சிட்டீங்க, நான் என்னான்னு சொல்றது? நானே ஒரு டப்பா வாங்கி, நானே கட்டி, நானே பிரிச்சேன். ஒங்கள மாதிரியே ஒவ்வொரு பேரா சொன்னேன். ஒருத்தரும் எந்திரிக்கல. யாரோ வெளையாடுறாங்கன்னு எல்லாரும் சிரிச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டீங்க. அன்னைக்கு யாராச்சும் ஒருத்தரு சும்மாவாவது கையத் தூக்கியிருந்தா நல்லாயிருந்திருக்குமேன்னு ரொம்ப நாளு நெனச்சேன். அதான் தூக்கினேன்."

நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்டேன்.

"எனக்கு எதுத்தாப்பலதான் ஒக்காந்திருந்தீங்க. நீங்களும் சிரிச்சீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. தண்ணீரை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் காலை டூட்டி என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் பார்சலும் நேற்று அந்தக் கடிதங்களோடுதான் வந்தது. சட்டை அளவு சரியாக இருக்கிறது. உன் முட்டிக்கு எண்ணெய் வாங்கி அனுப்புகிறேன், இனி வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடாதே.

அவர் சொன்ன அந்த வருஷத்தைத் தினமும் யோசிக்கிறேன். அன்று என்ன சாப்பாடு என்பது நினைவிருக்கிறது. எனக்குக் கிடைத்தது டார்ச் லைட், அதுவும் நினைவிருக்கிறது. அவர் எழுந்து நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னது மட்டும் எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. என் பெயரையும் சொல்லியிருப்பார். நான் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

உன் தம்பி
சுரேந்தர்